அலுப்பு என்று சொல்லாத மதினி

காலையில் எங்கள் தெருவிலிருந்து மலைக்குப் போகும் ஜீப்பில் ஒரு சொல்லுக்குத் தடை இருந்தது. கெட்ட வார்த்தைகளுக்குத் தடை கிடையாது, அவை தாராளமாகப் புழங்கின. 'அலுப்பா இருக்கு' என்று மட்டும் யாரும் சொல்லக் கூடாது. சொன்னால் முன் சீட்டில் இருக்கும் மதினி திரும்பிப் பார்ப்பார். பார்வையே போதும். சொன்னவள் ஜீப்புக்கு வெளியே பார்த்துக்கொண்டு, வேறு யாரோ சொன்னதுபோல் உட்கார்ந்திருப்பாள்.

மதினி கங்காணி. கோம்பையிலிருந்து ஏலக்காய்த் தோட்டத்துக்குப் பெண்களைச் சேர்த்துக் கூட்டிப்போய், வேலை வாங்கி, சாயங்காலம் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவந்து விடுவது அவர் பொறுப்பு. விடிவதற்குள் கிளம்பி, கம்பம் வழியாக மேட்டில் ஏறிக் கேரளத்துக்குள் போவார்கள். எனக்கு அவர் ரத்த உறவு இல்லை. தெருவில் என் வயதுக்காரர்கள் எல்லாருக்கும் அவர் மதினி, நாங்கள் எல்லாரும் அவருக்குக் கொழுந்தன்மார். அந்த முறையில் கேலி செய்ய உரிமை உண்டு, அதை அவர் ஒரு நாளும் வீணாக்கியதில்லை. நான் கூட்டுறவுச் சங்கத்தில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவன். "என்ன கொழுந்தனாரே, நாற்காலிக்கு முதுகு வலிக்குதாமே, கேட்டீகளா?" என்பார்.

அலுப்பைப் பற்றி அவருக்கு ஒரு கொள்கை இருந்தது. "அது நாயி மாதிரி. பேரச் சொல்லிக் கூப்பிட்டா வந்து காலடியில படுத்துக்கிரும். பெறகு வெரட்டுனாலும் போகாது." நாய்க்குப் பேர் போன ஊரில் இருந்துகொண்டு நாயை ஏசலாமா என்று கேட்டேன். "எங்க ஊரு நாயி ரோசமுள்ளது. நான் சொல்றது பஸ் ஸ்டாண்டு நாயி" என்றார்.

தடை இருக்கும் இடத்தில் குறுக்குச்சந்தும் இருக்கும். ஜீப்பில் போகும் பெண்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். யாருக்காவது முடியவில்லை என்றால், "இன்னைக்கு மலை கொஞ்சம் ஒசந்துருச்சுடீ" என்பாள். மற்றவர்களுக்குப் புரியும். மதினிக்கும் புரியும். ஆனால் அந்தச் சொல் வரவில்லை அல்லவா, திரும்பிப் பார்க்க மாட்டார்.

இதைக் கேட்டு அவரைக் கல்நெஞ்சுக்காரி என்று நினைத்தால் அது பாதிதான் சரி. ஒருமுறை மழைக்காலத்தில் காய் எடுக்கும்போது ஒருத்தி சரிவில் வழுக்கி விழுந்துவிட்டாள். ரோடு வரை அவளை முதுகில் தூக்கி வந்தது மதினிதான். காலெல்லாம் அட்டை கடித்து ரத்தம். தோட்டத்துச் சூப்பர்வைசர் மலையாளி. அவர் குடையைப் பிடித்தபடி, "ஷீணமாயோ சேச்சி?" என்று கேட்டாராம். களைப்புக்கு மலையாளத்தில் அதுதான் பேர். மலையாளத்தில் சண்டை போடும் அளவுக்கு மதினிக்குத் தெரியும். "ஷீணமெல்லாம் ஒங்க ஊருக்காரவுகளுக்கு சாரே. நாங்க கீழயிருந்து வர்றோம்" என்றாராம். ஜீப் முழுக்க அன்று சிரித்துக்கொண்டே இறங்கி வந்தது.

இன்னொன்றும் கவனித்திருக்கிறேன். மாதவிலக்கில் தவிக்கிறவளையோ, முதல் நாள் காய்ச்சலில் கிடந்தவளையோ அவர் செடிக்கு அனுப்ப மாட்டார். "நீ இங்கன இருந்து சாக்கத் தையி" என்று உட்கார வைத்துவிடுவார். காரணம் கேட்கவும் மாட்டார், சொல்லவும் விட மாட்டார். அலுப்பைப் பார்க்கத் தெரிந்தவர்தான். காதால் கேட்கத்தான் பிடிக்காது.

வீட்டில் இந்தச் சலுகையும் கிடையாது. மகன் லாரி ஓட்டுகிறவன், மாதத்தில் பாதி நாள் வடக்கே போய்விடுவான். மருமகள் பிரசவம் முடிந்து தாய் வீட்டிலிருந்து வந்திருந்த சமயம். நான் ஏதோ வேலையாகப் போயிருந்தேன். அந்தப் பெண் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு சுவரில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தது. மதினி வந்து பாத்திரத்தை ணங்கென்று வைத்தார். பெண் பதறி விழித்து, "கொஞ்சம் அலுப்பா இருந்துச்சுத்தே" என்றது.

"அலுப்பா? எங்காத்தா என்னையப் பெத்துப் போட்டுட்டுக் களையெடுக்கப் போனா. ஒனக்குப் பட்டப்பகல்ல அலுப்பா?"

அந்தப் பெண் எழுந்துபோய்ப் பாத்திரம் விளக்கியது. குழந்தை அழுதது. எனக்கு அன்று மதினியைப் பிடிக்கவில்லை. கேலிக்கு ஒரு வார்த்தை கூடப் பேசாமல் வந்துவிட்டேன். அதற்குப் பிறகு அந்த மருமகள் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் கேட்டதில்லை.

மதினிக்கு மார்பில் கட்டி வந்தது. வெகு நாள் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறார். மருமகள் ஒரு நாள் துணி துவைக்கும்போது ரவிக்கையில் கறை பார்த்து, பயந்துபோய் என் மனைவியிடம் சொன்னாள். பிறகு நடந்ததெல்லாம் வேகமாக நடந்தது. மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்தார்கள். அதன் பின் மூன்று வாரத்துக்கு ஒருமுறை வந்து கீமோ மருந்து ஏற்றிக்கொள்ளச் சொன்னார்கள். இடையில் நிறுத்தினால் நோய் திரும்ப வர வாய்ப்பு அதிகம் என்று டாக்டர் மகனிடமும் என்னிடமும் தனியாகச் சொன்னார். மகன் லாரியை விட்டால் வீடு நடக்காது. என்னிடம் ஒரு பழைய கார் இருந்தது. லீவு போட்டுவிட்டு நான் கூட்டிப்போவது என்று ஆயிற்று.

முடி கொட்டியதற்கு அவர் கவலைப்படவில்லை. மலைக்குப் போகிற பெண்களுக்குத் தலைத்துண்டு எப்போதும் உண்டு. அவர் தலையைப் பார்த்து யாருக்கும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. காரிலும் முன் சீட்டில்தான் உட்காருவார். திரும்பி வரும்போது, ஆண்டிபட்டிக் கணவாய் தாண்டியும் முதுகு சீட்டில் படாது. சீட்டை இறக்கி விடுகிறேன், சாய்ந்துகொள்ளுங்கள் என்றேன். "சாயிறதுக்கு நான் என்ன ஓட்ட வேலியா? ரோட்டப் பாத்து ஓட்டுங்க" என்றார்.

ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றும் அறையில் வரிசையாகச் சாய்வு நாற்காலிகள். கைகளில் ஊசி குத்தப்பட்டு ஆட்கள் கண்ணை மூடிக் கிடப்பார்கள். மதினிக்கு அது பொறுக்காது. பக்கத்து நாற்காலிக்காரரை, "என்னண்ணே இது, வேலைக்கு வந்த எடத்துல தூங்குறீக?" என்று எழுப்புவார். சிலர் சிரித்தார்கள். ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் செய்தது சரியென்று நான் சொல்ல மாட்டேன்.

டாக்டர் ஒரு இளம்பெண். ஒவ்வொரு முறையும் மருந்துக்கு முன்னால், "எப்படிம்மா இருக்கீங்க?" என்று கேட்பார்.

"நல்லா இருக்கேன் தாயி. நீங்க நல்லா இருக்கீகளா? வீட்டுல எல்லாரும் சொகமா?"

டாக்டர் சிரித்துவிட்டு எழுதிக்கொள்வார். வாந்தி உண்டா, காய்ச்சல் உண்டா, சாப்பிட முடிகிறதா என்று கேட்பார். எல்லாவற்றுக்கும் ஒரே பதில். வெளியே வந்ததும் மதினி என்னிடம், "நல்ல பிள்ள. போகும்போதெல்லாம் வெசாரிக்குது" என்பார்.

மூன்றாவது மருந்துக்குப் பிறகுதான் எனக்கு விஷயம் தெரிய வந்தது. மதினி மருந்து ஏற்றிய சில நாட்களிலேயே மலைக்குப் போகத் தொடங்கியிருந்தார். அது காய் எடுக்கும் பருவம். ஒரு சாயங்காலம் ஜீப்பில் போகும் பெண் ஒருத்தி என் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணே, கங்காணியம்மாவுக்கு மலை ரொம்ப ஒசந்துருச்சுண்ணே."

"ஏசுறாகளா?"

"ஏசுனாத்தான் தேவலையே. செடிக்கு அடியில போயி உக்காந்துக்கிறாக. எந்திரிக்க மாட்டேங்கிறாக. நாங்க எங்க காயக் கொஞ்சம் கொஞ்சம் அவுக சாக்குல போட்டு வைக்கிறோம். தெரியாமப் போடுறதா நெனச்சோம். ஆனா அவுகளுக்குத் தெரியுது. தெரிஞ்சும் ஒண்ணும் சொல்லலண்ணே. அதான் எங்களுக்குப் பயமா இருக்கு."

எனக்கும் பயமாக இருந்தது. மருமகளைக் கேட்டேன். அவள் தெருவை எட்டிப் பார்த்துவிட்டுத் தணிந்த குரலில் சொன்னாள். "குளிக்கப் போனா வர மாட்டேங்கிறாக மாமா. வாளியக் கவுத்துப் போட்டு அதுல உக்காந்தே இருக்காக. கதவத் தட்டுனா, தண்ணி ஊத்துற சத்தம் மட்டும் கேக்கும். பகல்ல அரிசி மூட்டைக்குப் பின்னால படுத்துருக்காக. யாராச்சும் வந்தா எந்திரிச்சு வந்து, அரிசியில கல்லு பாத்தேங்கிறாக. எவ்வளவு தூங்குனாலும் தெளிய மாட்டேங்குது."

அடுத்த மருந்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது மதினியே வீடு தேடி வந்தார். உள்ளே வராமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இனி காரு எடுக்க வேணாம் கொழுந்தனாரே. கட்டியத்தான் எடுத்துட்டாகளே. பெறகு என்னத்துக்கு மருந்து? அங்கன காய் பழுத்துக் கொட்டுது."

பாதி வைத்தியத்தில் நிறுத்தக் கூடாது என்று டாக்டர் சொன்னதைச் சொன்னேன். மகனுக்குப் போன் போட்டுக் கொடுத்தேன். அவன் அழுதான். மதினி, "வண்டிய ஓரமா நிப்பாட்டிட்டு அழுவுடா" என்று சொல்லிவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தார். காய் பழுக்கிறது என்பது சாக்கு என்று எனக்குத் தெரியும். ஒரே ஒரு சொல்லைச் சொன்னால் டாக்டர் ஏதாவது செய்யக்கூடும். அதைச் சொல்வதற்குப் பதிலாக இந்த மனுஷி உயிரை விடத் தயாராக இருக்கிறார் என்று எரிச்சலாக வந்தது. ஆனால் அந்தச் சொல்லை நான் எடுத்துக் கொடுத்தால் கதவை விட்டு நகர்ந்து போய்விடுவார். கடைசியில் வேறு வழியில் போனேன்.

"நின்னுக்கிறதா இருந்தா நேர்ல போயிச் சொல்லிட்டு நிக்கணும் மதினி. சொல்லாமக் கொள்ளாம நின்ன ஆளுகள நீங்க என்ன பாடு படுத்துவீகன்னு தெருவுக்கே தெரியும்."

இது அவருக்கு உறைத்தது. முதல் நாள் வரை வேலைக்கு வந்துவிட்டு மறுநாள் சொல்லாமல் நின்றுவிடுகிறவளை அவர் லேசில் விட மாட்டார். வீட்டு வாசலுக்கே போய் ஏசுவார். கதவிலிருந்து கையை எடுத்துவிட்டு, "சரி, அந்தப் பிள்ளகிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டு வந்துருவோம்" என்றார்.

அன்று ரத்தம் எடுக்கும் நர்ஸ் புதிதாக வந்தவர். பேச்சில் மலையாளம் இழுத்தது. எந்த ஊர் என்று மதினி கேட்டார். அவர் சொன்ன ஊர், மதினி வேலைக்குப் போகும் தோட்டத்துக்கு அடுத்த மலை. அவ்வளவுதான், மதினி மலையாளத்துக்கு மாறிவிட்டார். அங்கே மழை எப்படி, காய் எப்படி என்று இருவரும் பேசிக்கொண்டே இருந்தார்கள். நர்ஸ் மதினியின் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். பிறகு ரத்தம் எடுத்த குப்பியில் பேர் ஒட்டிக்கொண்டே, பேச்சோடு பேச்சாக, "ஷீணம் உண்டோ சேச்சி?" என்றார்.

"உண்டு மோளே" என்றார் மதினி. "நல்ல ஷீணம் உண்டு."

நான் பக்கத்து நாற்காலியில் இருந்தேன். என் காதை என்னால் நம்ப முடியவில்லை. மதினி நிறுத்தவில்லை. குளித்துவிட்டு வந்தால் அப்புறம் ஒன்றும் முடிவதில்லை, சோற்றைப் பிசைந்தால் வாய்க்குக் கொண்டுபோகக் கை வருவதில்லை, ராத்திரி முழுக்கத் தூங்கியும் விடியும்போது வேலை முடித்துவிட்டு வந்ததுபோல் இருக்கிறது, பேத்தி அழுதால் தூக்கக்கூடத் தெம்பு இல்லை என்று அடுத்தடுத்துச் சொல்லிக்கொண்டே போனார். எல்லாம் மலையாளத்தில். அடுத்த வீட்டு விஷயத்தைச் சொல்கிற குரல்தான். தமிழில் அவர் ஆயுசுக்கும் சேர்த்துவைத்தது அந்தப் பக்கத்து மொழியில் இறங்கிக்கொண்டிருந்தது என்று நினைக்கிறேன்.

நர்ஸ் எழுந்துபோய் டாக்டரிடம் சொன்னார். சோதித்துப் பார்த்ததில் ரத்தம் மிகவும் குறைந்துபோயிருந்தது. அன்றைக்கு மருந்து கிடையாது, முதலில் ரத்தம் ஏற்ற வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கொஞ்சம் கோபமும் பட்டார்.

"ஒவ்வொரு தடவையும் எப்படி இருக்கீங்கன்னு கேட்டேனேம்மா. நல்லா இருக்கேன்னு சொன்னீங்களே!"

மதினி திகைத்துப்போனார். "அது வைத்தியத்துக்குக் கேட்டதா தாயி? நீங்க வெசாரிக்கிறீகன்னுல நெனச்சேன். வெசாரிக்கிறவுககிட்டப் போயி நல்லா இல்லன்னு சொல்லுவாகளா?"

டாக்டர் பேனாவை வைத்துவிட்டு அவரைப் பார்த்தார். பிறகு நிதானமாகப் பேசினார். இது வேலை செய்து வருகிற களைப்பு இல்லை, நோயும் மருந்தும் சேர்ந்து கொண்டுவருவது, தூங்கினால் போய்விடாது. இதில் சோம்பேறித்தனம் ஒன்றும் இல்லை. ரத்தம் ஏறினால் கொஞ்சம் தேவலையாகும், முழுக்கப் போகாது. முடிந்த அன்று வீட்டுக்குள்ளேயாவது கொஞ்சம் நடங்கள். "ஒரு நாளைக்கு உங்க உடம்புல கொஞ்சம்தான் தெம்பு இருக்கும். அதை எதுக்குச் செலவு பண்ணணும்னு நீங்கதான் முடிவு பண்ணணும். மத்ததையெல்லாம் அடுத்தவங்க செய்யட்டும்."

நிற்கப்போவதாகச் சொல்ல வந்த விஷயத்தை மதினி எடுக்கவே இல்லை. திரும்பி வரும்போது, உசிலம்பட்டிக்கு முன்னாலேயே தலை சீட்டில் சாய்ந்து தூங்கிவிட்டார்.

அதிசயம் ஒன்றும் நடந்துவிடவில்லை. ரத்தம் ஏற்றிய பிறகு முகத்தில் கொஞ்சம் நிறம் வந்தது. மருந்து தொடர்ந்தது, அதோடு கூடவே களைப்பும் தொடர்ந்தது. கங்காணி வேலையை, வாசலில் வந்து நின்றாளே, அந்தப் பெண்ணிடம் ஒப்படைத்தார். தன் தெம்பை எதற்குச் செலவழிப்பது என்று அவர் எடுத்த முடிவு எனக்குக் கிறுக்குத்தனமாகப் பட்டது. விடியும் முன்பு எழுந்து, முகம் கழுவி, தலைத்துண்டு கட்டி, தெருமுனை வரை நடந்துபோய் ஜீப்பை அனுப்பி வைப்பார். எவள் வரவில்லை, எவள் சோறு எடுக்கவில்லை என்று பார்ப்பார். வீட்டுக்கு வந்தால் மதியம் வரை படுக்கைதான். "ஜீப்ப அனுப்பிட்டேன்னா போதும். பெறகு கெடந்தாக்கூட, வேல பாத்துட்டுக் கெடக்குற மாதிரி இருக்கு" என்றார். அதை அவர் சொன்ன பிறகு எனக்குக் கிறுக்குத்தனமாகத் தெரியவில்லை.

ஆனால் வீட்டில் அந்தச் சொல்லைத் தமிழில் சொல்ல மாட்டார். ஷீணம்தான். வந்தவர்களிடம் மருமகளும், "அத்தைக்கு இன்னைக்கு ஷீணம்" என்று சொல்லப் பழகிக்கொண்டாள். தன்னைப் பற்றி அவள் எந்த மொழியிலும் ஒன்றும் சொல்லவில்லை. மாமியார், குழந்தை, சமையல், லாரியிலிருந்து வருகிற புருஷன் என்று அவளும் கண்ணுக்குக் கீழே கறுத்துப் போயிருந்தாள். மதினி அதைப் பார்த்தாரா என்று எனக்கு அப்போது தெரியாது.

நான் பிறகு மாற்றலாகி ஊரை விட்டு வந்துவிட்டேன். மதினி இருக்கிறார், நடக்கிறார், போனில் ஏசுகிறார். அவரை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது கடைசி மருந்துக்குக் கிளம்பிய காலைதான்.

அன்று நான் காரை நிறுத்தியபோது அவர் வாசலில் இல்லை. எப்போதும் எனக்கு முன்னால் வந்து நிற்கிறவர். உள்ளே போய்ப் பார்த்தால், கட்டிலோரம் தரையில் உட்கார்ந்திருந்தார். சேலை கட்டி, தலைத்துண்டு கட்டி, எல்லாம் ஆகியிருந்தது. எழ மட்டும் முடியவில்லை. மருமகள் பையைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் தள்ளி நின்றாள். கிட்டே போனால் ஏச்சு விழும் என்று அவளுக்குத் தெரியும். குழந்தை தொட்டிலில் கிடந்து சிணுங்கியது. நான் கை கொடுக்கப் போனேன்.

"நீங்க இருங்க கொழுந்தனாரே" என்றார். மருமகளை நிமிர்ந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "நீ ராத்திரி தூங்கலயாத்தா?"

"தூங்குனேன்த்தே."

"பொய் சொல்லாத. ஒனக்கும் அலுப்பு, எனக்கும் அலுப்பு. என்னையக் கொண்டுபோயிக் காருல ஏத்திட்டு, பிள்ளயத் தூக்கிட்டுப் போயி ஒங்காத்தா வீட்டுல படு. சோறாக்க வேணாம். நாங்க வர்ற வழியில வாங்கிட்டு வர்றோம். இப்ப என்னையத் தூக்கி விடு."

அந்தப் பெண் பையைக் கீழே வைத்தாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவள் மாமியாரைத் தொட்டிருப்பாளா என்பது சந்தேகம். குனிந்தாள். எங்கே பிடிப்பது என்று தெரியாமல் நின்றாள். மதினி இடது கையை நீட்டினார்.

"அந்தக் கை வேணாந்தே" என்றாள் மருமகள். "அது ஆபரேசன் பண்ண பக்கம், இழுக்கக் கூடாது. இந்தக் கையக் குடுங்க."

மதினி கையை மாற்றிக் கொடுத்தார்.